நண்பரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலையிறங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை என்று எந்த மலைப்பாதையில் இருசக்கர வாகன விபத்து நடந்தாலும், நாளிதழ்களில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் வருகிறது: ‘பிரேக் பிடிக்காததால் வண்டி கட்டுப்பாட்டை இழந்து...’ பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதை யாரும் எழுதுவதில்லை. படிப்பவர்கள் அதை விதி என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில், அதே மாதிரி மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கொல்லிமலை அடிவாரப் பகுதியில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்துப் பிழைக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். இறக்கத்தில் பிரேக் கைவிடுவதற்குக் காரணங்கள் உண்டு. பெரும்பாலானவை காலையில் வண்டியை எடுக்கும்போதே பார்த்துச் சரிசெய்யக்கூடியவை. மீதி, ஓட்டும் முறையில் இருக்கின்றன.

முதலில் ஒரு கணக்கு. கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு வரை வண்டி ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் ஏறுகிறது. 110 கிலோ வண்டி, 70 கிலோ எடையில் இரண்டு பேர் என்றால் மொத்தம் 250 கிலோ. இந்த எடை அந்த உயரத்திலிருந்து கீழே வருவதற்குள் வெளியாகும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால், எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். அந்தச் சூட்டில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சினுக்கு அந்த வேலையைக் கொடுக்காமல் கையும் காலும் பிரேக்கிலேயே இருந்தால், உள்ளங்கையளவு டிஸ்க்கும், டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் இரண்டு லைனரும் அதை முழுக்கத் தாங்க வேண்டியிருக்கும். அவற்றால் முடியாது. தனியாளாக ஓட்டும்போது தாக்குப்பிடித்த பிரேக், நண்பரை ஏற்றிய அன்று கைவிடுவதன் காரணம் இந்த எடைதான்.

பிரேக் கைவிடுவதிலும் இரண்டு வகை உண்டு. டிஸ்க் பிரேக்கில் லிவரை அழுத்தினால் மெத்தென்று உள்ளே போய் ஹேண்டில்பாரைத் தொடுகிறது என்றால், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது என்று பொருள். ஆயிலை அமுக்க முடியாது, அதனால்தான் கையின் விசை டிஸ்க்கைக் கவ்வும் பேடுக்குப் போய்ச் சேர்கிறது. ஆவியை அமுக்கிவிடலாம், அதனால் விசை அங்கேயே செத்துப்போகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் தன்மை கொண்டது. டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். டாப்-அப் மட்டும் செய்தால் பழைய ஈரம் உள்ளேயே இருக்கும். எந்த ஆயில் என்பது ஹேண்டில்பார் மேலுள்ள டப்பாவின் மூடியிலேயே அச்சாகியிருக்கும். டப்பாவின் கண்ணாடி வழியே பார்க்கும்போது ஆயில் காப்பி நிறத்துக்கு வந்திருந்தால், மலைக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது வகையில் லிவரோ பெடலோ கெட்டியாகத்தான் இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. சூட்டில் லைனர் பிடிப்பை இழந்து, மேல்பரப்பு கண்ணாடி போல வழவழத்துப் போயிருக்கும். கருகல் வாடை வரும். டிரம் பிரேக்கில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: சூட்டில் டிரம் விரிந்துவிடுவதால் லைனர் அதைத் தொட அதிக தூரம் போக வேண்டும், பெடல் முன்பைவிட ஆழமாக இறங்கும். இதைப் பார்த்துவிட்டுப் பாதி மலையிலேயே ஸ்பானரை எடுத்து பிரேக் நட்டை முறுக்குகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டிரம் ஆறிச் சுருங்கும்போது லைனர் டிரம்மோடு உரசிக்கொண்டே நிற்கும். அடுத்த இரண்டு வளைவில் மறுபடியும் சூடேறி, இருக்கிற பிடிப்பும் போகும்.

கருகல் வாடையோ மெத்தென்ற லிவரோ தெரிந்தவுடன் செய்ய வேண்டியது, அகலமான இடம் பார்த்து மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்துவது. எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டுவிட்டு அரை மணி நேரம் ஆற விடுங்கள். பாட்டில் தண்ணீரை டிஸ்க்கிலோ டிரம்மிலோ ஊற்றக்கூடாது. கொதிக்கும் இரும்பு சட்டென்று குளிர்ந்தால் டிஸ்க் கோணிப்போகும், டிரம் கீறல் விடும். ஆறிய பிறகு கிளம்பும் முன், சமதரையில் பத்தடி உருட்டி முன், பின் பிரேக்கைத் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். ஆயில் கொதித்திருந்தால், ஆறியதும் லிவர் பழையபடி கெட்டியாகத் தோன்றும். அதை நம்பி வேகமெடுக்கக் கூடாது. அந்த ஆயிலின் கொதிநிலை குறைந்தது குறைந்ததுதான். கீழே வரும்வரை நடைவேகத்துக்குச் சற்று மேல் போதும்.

எப்படி இறங்குவது என்பதற்கு லாரிக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் கணக்கு ஒன்றுதான்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. இரண்டு பேரை ஏற்றிய 100, 110 சிசி வண்டிக்குக் கொல்லிமலையில் அது இரண்டாவது கியர், மிகச் செங்குத்தான வளைவில் முதல் கியர். வேகம் மணிக்கு 20, 25 கிலோமீட்டர். கியரை வளைவுக்கு முன்னால், நேர்பாதையிலேயே குறைத்துவிட வேண்டும். பிரேக்கும் அப்படித்தான்: நேரில் அழுத்தமாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு வளைவுக்குள் போக வேண்டும். லேசாகப் பிடித்தபடியே ஒரு கிலோமீட்டர் இறங்குவது பார்ப்பதற்கு நிதானமான ஓட்டம் போலிருக்கும். டிரம்முக்கு ஆறும் நேரமே கிடைக்காது என்பதால் அதுதான் பிரேக்கைக் கொல்லும் ஓட்டம். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே இறங்குவதும் நியூட்ரலில் விடுவதும் ஒன்றே: எஞ்சின் சக்கரத்தை இழுத்துப் பிடிப்பது இரண்டிலும் நின்றுவிடும்.

பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குபவர்களிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் விற்பனைக்கு வந்த பிஎஸ்6 வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வகை. கியரில் போட்டு ஆக்சிலேட்டரை முழுக்க மூடி இறங்கும்போது அந்தக் கணினி பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால், எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் செலவாகும். அதாவது, கியரில் இறங்குவதுதான் பிரேக்குக்கும் நல்லது, பர்சுக்கும் நல்லது.

கியரில்லாத ஸ்கூட்டரைப் பற்றித் தனியாக எழுதியே ஆக வேண்டும். இன்று மலைக்கு வரும் வண்டிகளில் அது நிறைய. ஸ்கூட்டரில் எஞ்சினையும் சக்கரத்தையும் இணைப்பது எஞ்சின் சுழலும் வேகத்தில் தானாக விரியும் கிளட்ச். எஞ்சின் வேகம் குறைந்ததும் கிளட்ச் விடுபட்டு, வண்டி தானாக உருள ஆரம்பித்துவிடும். மெதுவாக இறங்கும்போது எஞ்சின் பிடிப்பு அறவே இல்லை. வேகமாக இறங்கும்போதும் பெல்ட், கியர் வண்டியின் மேல் கியர் போன்ற நிலைக்குப் போய்விடுவதால் பிடிப்பு மிகக் குறைவு. எஞ்சினை அணைத்துவிட்டால் எதுவுமே இல்லை. ஆக, ஸ்கூட்டரில் மலையிறங்குவது முழுக்க முழுக்க பிரேக்கை நம்பிய வேலை. ஆரம்பத்திலிருந்தே 20க்கு மேல் விடாதீர்கள். பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி, பிரேக்கைத் தொடாமல் கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். அனல் முகத்தில் அடிக்கிற மாதிரி இருந்தால் ஆறிய பிறகே கிளம்ப வேண்டும். நண்பர்கள் இருவரிடமும் வண்டி இருந்து, ஒன்று ஸ்கூட்டர், மற்றது கியர் வண்டி என்றால், மலைக்குக் கியர் வண்டியை எடுப்பதே எங்கள் ஆலோசனை.

இனி, காலையில் பத்து நிமிடம் செலவழித்துப் பார்க்க வேண்டியவை. டிரம் பிரேக்கில், பின்சக்கர மூடியின் மேல் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை மிதித்தபடி பார்த்தால் அது வார்ப்பில் உள்ள கோட்டைத் தாண்டியிருக்கக் கூடாது. தாண்டியிருந்தால் லைனர் முடிந்துவிட்டது, நட்டை முறுக்கிப் பயனில்லை. டிஸ்க் பேடில் ஒரு பள்ளக்கோடு இருக்கும். அது தேய்ந்து மறைந்திருந்தால் பேடை மாற்றுங்கள். கேபிளின் முனையில் ஒரு இழை அறுந்து பிசிறு தெரிந்தாலும் கேபிளை மாற்ற வேண்டும், இறக்கத்தில் முழு பலத்தோடு பிடிக்கும்போதுதான் மீதி இழைகளும் அறுபடும். செயின் நடுவில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். அதற்கு மேல் தொங்கினால், கியரைக் குறைக்கும் உதைப்பில் ஸ்பிராக்கெட்டை விட்டு வெளியே வந்து பின்சக்கரத்தைப் பூட்டிவிடும் அபாயம் உண்டு.

காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பின்சக்கரத்துக்குத் தனியாள் ஓட்டும்போது ஓர் அளவு, இருவர் போகும்போது வேறு அளவு. வண்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இரண்டும் எழுதியிருக்கும். பல வண்டிகளுக்குத் தனியாளுக்கு 28 பவுண்டு என்றால், இருவருக்கு 33லிருந்து 41 வரை வண்டிக்கு வண்டி மாறும். 28லேயே இருவர் ஏறினால் டயர் பக்கவாட்டில் நசுங்கி, வளைவில் வண்டி நெளியும். டியூப் டயராக இருந்தால் டியூப் நகர்ந்து வால்வு கிழியவும் வாய்ப்புண்டு.

பஞ்சர் விஷயம். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால், பிடுங்காமல் இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும். ஒட்டும் பொருள் கையில் இல்லையென்றால் ஆணியைத் தொடாமல், காற்றடித்து, நண்பரை இறக்கிவிட்டு, மெதுவாகப் பட்டறை வரை வந்துவிடலாம். பொருள் இருந்தால், ஆணி ஏறிய சாய்வைப் பார்த்துவைத்து, குறட்டால் பிடுங்கி, அரத்தூசியை அதே சாய்வில் செருகிப் பத்துப் பதினைந்து முறை இழுத்து ஓட்டையைச் சொரசொரப்பாக்குங்கள். ஒட்டுப்பட்டையை ஊசிக்காதில் கோத்துப் பசை தடவி, வெளியே ஒரு சென்டிமீட்டர் மிஞ்சும் வரை உள்ளே அழுத்தி, ஊசியை மட்டும் விருட்டென்று இழுங்கள். மெதுவாக இழுத்தால் பட்டையும் கூடவே வந்துவிடும். காற்றடித்து எச்சிலோ சோப்புத்தண்ணீரோ தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் இது நிற்காது, முயலவும் கூடாது. டியூப் டயரில் இறக்கத்தின் நடுவே பின்சக்கரக் காற்று சட்டென்று போனால் வண்டி வாலாட்டும். அப்போது பின்பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை மூடி, முன்பிரேக்கை மெல்லப் பிடித்து நேர்கோட்டிலேயே நிறுத்த வேண்டும். பின்னால் இருப்பவர் ஒட்டி அசையாமல் இருந்தாலே பாதி ஆபத்து கழிந்தது.

பின்னால் இருப்பவருக்கு வேலையே இல்லை என்ற எண்ணம் தவறு. ஃபுட்ரெஸ்ட்டில் இரண்டு காலும் இருக்க வேண்டும், வண்டி மெதுவாகும்போது தரையைத் தொட நீட்டக் கூடாது. வளைவில் ஓட்டுபவர் சாயும் பக்கமே சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி வளைவை விட்டு வெளியே இழுக்கும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஓட்டுபவர் முதுகில் சரிந்து விழுந்தால் அந்தப் பாரம் முழுக்க அவர் கையில் இறங்கி, முப்பது வளைவுக்குள் கை மரத்துவிடும். ஒரு கையால் பின்கம்பியைப் பிடித்து, முழங்காலை இறுக்கி உட்கார்ந்தால் போதும். பின்கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தை மூடும் காப்பு மூன்றும் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆவது விதிப்படி கட்டாயம். அழகுக்காகக் கழற்றிவிட்டு வருகிறார்கள். ஹெல்மெட்டும் சட்டப்படி இருவருக்கும்தான், பெட்ரோல் டாங்கில் மாட்டிவைக்க அல்ல.

ஏறும்போது வளைவின் உள்விளிம்பு மிகச் செங்குத்து. பாரத்தோடு அங்கே ஒட்டி ஏறினால் வண்டி திணறி நின்று, பின்னோக்கி உருளும். கொஞ்சம் அகலமாக எடுங்கள், ஆனால் முதலில் தலையைத் தூக்கி மேல்வளைவில் பஸ் இறங்குகிறதா என்று பாருங்கள். பஸ் திரும்ப முழுச்சாலையும் வேண்டும். வளைவுக்கு முன்பே நின்று வழிவிட்டால் யாருக்கும் சிரமமில்லை. குறுகலான இடத்தில் இறங்கும் வண்டிதான் ஒதுங்கி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.

நாள் திசைமாறுவது பெரும்பாலும் ஆகாய கங்கை அருவியில்தான். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது தெரியாது, குளித்துவிட்டு ஏறி வரும்போது கெண்டைக்கால் நடுங்கும். அந்தக் காலோடு, ஈரச் செருப்போடு நேரே வண்டியில் ஏறி எழுபது கொண்டை ஊசி வளைவை இறங்குகிறார்கள். நடுங்கும் காலுக்குப் பின்பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்ற அளவு தெரியாது. மேலே வந்ததும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். அருவியில் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மேலே பெய்த மழை வருகிறது என்று பொருள்.

நாலு மணிக்குள் மலையிறங்கத் தொடங்கிவிட வேண்டும். கூட்டம் மிகுந்த ஆடிப்பெருக்கு, செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் இன்னும் முன்னதாக. பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும், டிம்மில் வையுங்கள். மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம், சாலையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு மிதக்கும் நேரம். எங்காவது ஒதுங்கி நிற்பது நல்லது.

அசம்பாவிதம் நடந்தால் 108ஐ அழையுங்கள். சில இடங்களில் சிக்னல் கிடைக்காது, அடுத்த வளைவு வரை நடந்து பார்க்க வேண்டியிருக்கும். கடைசியாகப் பார்த்த வளைவின் எண் பலகையைச் சொன்னால் இடம் கண்டுபிடிப்பது எளிது. விழுந்தவரின் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், மூச்சு விடச் சிரமப்பட்டால் தவிர. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டப்படி, சாலை விபத்தில் காயமடைந்தவருக்குப் பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை, வரையறுத்த உச்சவரம்புக்குள், இலவசம். தூக்கிவிட்டவரைப் பெயர், விலாசம் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின் கீழ் வகுத்த விதிகள் சொல்கின்றன. வம்பு வருமோ என்று தயங்கி யாரும் ஒதுங்கிப் போக வேண்டாம்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று காப்பீடு. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் உட்கார்ந்த நண்பருக்கு ஏற்படும் காயத்துக்கு அந்த நிறுவனம் பொறுப்பேற்காது. கட்டாயமாகக் கட்டும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு வண்டியின் உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டும். நண்பரின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டினால், ஓட்டுபவருக்கும் அது கிடையாது. சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்துப் பேக்கேஜ் பாலிசி எடுத்தவர்கள் பின்னால் இருப்பவருக்குத் தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கூடுதல் தொகை சிறிதுதான். இந்த மாதம் பாலிசி புதுப்பிப்பவர்கள் அந்தத் தாளில் பின்னால் உட்காருபவரைக் குறிக்கும் ‘பில்லியன்’ என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

தங்கள் நாளிதழிடமும் நெடுஞ்சாலை, போக்குவரத்து அதிகாரிகளிடமும் எங்கள் வேண்டுகோள் இவை. மலைப்பாதை விபத்துச் செய்தியில், வண்டி கியருள்ளதா இல்லாததா, எத்தனை பேர், ஏற்றமா இறக்கமா, எத்தனையாவது வளைவு என்ற நான்கு விவரங்களைக் கேட்டு வெளியிடுங்கள். ‘மெதுவாகச் செல்லவும்’ பலகைகள் ஏற்கெனவே ஏராளம். சோளக்காட்டில் இறக்கம் தொடங்கும் இடத்தில், ‘இரண்டாம் கியரில் இறங்கவும். நியூட்ரல், எஞ்சின் ஆஃப் கூடாது. ஸ்கூட்டர் 20 கி.மீ. கருகல் வாடை வந்தால் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடவும்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை வைத்தால் போதும். நடுவழியில் இரண்டு இடங்களிலாவது, பிரேக்கை ஆறவிட வண்டிகள் ஒதுங்கி நிற்கும்படி மலைப்பக்கம் சமன்செய்து தர வேண்டும். இப்போது அதற்கு இடமில்லாமல் பலர் வளைவின் முனையிலேயே நிறுத்துகிறார்கள்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
சேந்தமங்கலம் வட்டாரம், நாமக்கல் மாவட்டம்.